பண்பாடு என்னும் போர்வை

‘பணிப் பண்பாடு’ என்றொரு சொற்றொடர் நம் நாட்டில் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கின்றது. மேலாண்மைக் கல்லூரிகளில் அது பாடம். நிறுவனங்களின் பயிற்சி அரங்குகளிலோ அது கிட்டத்தட்ட மறையுரை. ஜப்பானியர் உழைப்பாளிகள், ஜெர்மானியர் காலந்தவறாதவர்கள், அமெரிக்கர் மனத்தில் பட்டதை நேருக்கு நேர் சொல்பவர்கள், கொரியர் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள், இந்தியரோ சோம்பலுக்கும் சாக்குப்போக்குக்கும் பழகியவர்கள் என்று அங்கே ஒரு பட்டியல் ஒப்புவிக்கப்படுகின்றது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான நாராயண மூர்த்தி, நம் இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியரும் ஜப்பானியரும் செய்ததும் அதுவே என்று சான்று காட்டினார். 2025 சனவரியில், லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் 90 மணி நேரத்தைப் பரிந்துரைத்ததோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் தம் ஊழியரிடம் வேலை வாங்க இயலவில்லையே என்று வருந்திய பேச்சும் வெளியாயிற்று.

பெருந்தொழில் தலைவர்கள் அவ்வாறு பேசியது நமக்கு வியப்பன்று. அதைக் கேட்டு நம்மவர் பலர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள் உட்பட, “உண்மைதானே, நம் ஆட்களுக்கு உழைப்பின் அருமை எங்கே தெரிகிறது?” என்று தலையசைத்தார்களே, அதுதான் வேதனை.

நாட்டுக்கு நாடு பணியிட மதிப்பீடுகள் வேறுபடுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வேறுபாடுகளையெல்லாம் பண்பாடு என்னும் ஒரே சொல்லால் விளக்கிவிட்டு வாளாவிருப்பது பொய்க்குத் துணைபோவதாகும். எந்தப் பணியிட வழக்கத்தைக் கண்டாலும் கிறிஸ்தவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி ‘இது எந்நாட்டுப் பண்பாடு?’ என்பதன்று; ‘இதன் சுமை யார் தோளில் விழுகின்றது?’ என்பதேயாகும்.

குருதியில் ஊறியதா?

உழைப்பு ஜப்பானியரின் குருதியிலேயே ஊறியது என்கிறார்கள். ஜப்பானில் நெடுநாள் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர் சிட்னி குலிக் 1903-இல் வெளியிட்ட நூலில், ஜப்பானியருள் பலர் சோம்பேறிகளாகவும் காலத்தின் அருமை அறியாதவர்களாகவும் தோன்றுவதாக எழுதினார். 1915-இல் அங்குள்ள தொழிற்சாலைகளைப் பார்வையிட்ட ஆஸ்திரேலிய வல்லுநர் ஒருவரும், உங்கள் ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்தால் காலத்தைப் பொருட்படுத்தாத இனம் என்றே எண்ணத் தோன்றுகின்றது என்ற கருத்தையே அந்நாட்டு அதிகாரிகளிடம் தெரிவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனி வழியே பயணம் செய்த ஆங்கிலேயர் சிலர், ஜெர்மானியரை மந்தமானவர்கள், அவசரம் அறியாதவர்கள் என்று எழுதிவைத்துச் சென்றனர். அதே ஜப்பானியரும் ஜெர்மானியருமே இன்று நமக்கு முன்மாதிரிகளாகக் காட்டப்படுகின்றனர். ஓரிரு தலைமுறைகளில் ஓர் இனத்தின் குருதி மாறிவிடுவதில்லை. மாறியவை கல்வி, இயந்திரம், ஊதியம், சட்டம் ஆகியவையே.

இனத்திற்கேற்ப உழைப்பை அளந்த இந்தக் கணக்கு வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1919-இல் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று தொழிற்சாலை வேலைக்கு வரம்பு கட்டிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. உலகத் தொழிலாளர் கொண்டாடிய அந்த உடன்படிக்கைக்குள்ளேயே விதிவிலக்குகளும் எழுதப்பட்டிருந்தன. ஜப்பானுக்கு 57 மணி, அந்நாட்டுக் கச்சாப்பட்டுத் தொழிலுக்கு 60 மணி. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி. சீனா, பாரசீகம், சயாம் ஆகிய நாடுகளுக்கு வரம்பே இல்லை. ஐரோப்பியத் தொழிலாளியின் உடல் 48 மணியில் களைத்துவிடுமாம். நம் பாட்டனாரின் உடல் 60 மணி வரை தாங்குமாம்! அன்று ‘கீழைநாட்டு நிலைமை’ என்ற பெயரில் நம்மீது ஏற்றப்பட்ட 12 மணி நேரச் சுமையை இறக்கிவைக்க நாம் 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. விடுதலை பெற்ற நாடு 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டத்தில் அந்த 48 மணி வரம்பை உறுதிப்படுத்தியது.

அந்த வரம்பும் எவருடைய பண்பாட்டிலிருந்தும் தானாகக் கனிந்து விழுந்ததன்று. 1918 ஏப்ரலில் சென்னைப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. போன்றோர் அதற்குத் துணைநின்றனர். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய தொழிலாளர் நாளே இந்தியாவின் முதல் மே நாள். அவர்களும் தமிழகத்துப் பண்பாட்டினரே. ‘எங்கள் ஆட்கள் இப்படித்தான்’ என்ற முதலாளியின் விளக்கத்தை ஏற்க மறுத்த பண்பாட்டினர்.

சொல்லாமல் விடப்படும் மறுபாதி

ஜப்பானை எடுத்துக்காட்டுவோர் பாதிக் கதையைத்தான் சொல்கின்றனர். அந்நாட்டு மொழியில் ‘கரோஷி’ என்றொரு சொல் உண்டு. அளவுமீறிய உழைப்பால் நேரும் சாவு என்பது அதன் பொருள். 1969-இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் அனுப்புகைப் பிரிவில் பணியாற்றிய 29 வயது இளைஞர் மூளையில் குருதிக்குழாய் வெடித்து மாண்டதே அவ்வகையில் முதன்முதலாகப் பேசப்பட்ட நிகழ்ச்சி. அடுத்த பத்தாண்டுகளில் அச்சொல் பிறந்தது. 1988-இல் கணவரை இழந்த பெண்கள் வழக்கறிஞரைத் தேடித் தொலைபேசியில் அழைக்கத் தனி ஏற்பாடே தேவைப்பட்டது. 2015 கிறிஸ்து பிறப்பு நாளன்று, ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் மிகைநேர வேலையால் நொறுங்கிப்போன 24 வயதுப் பெண் ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அது அளவுமீறிய வேலையின் விளைவே என்று அரசு ஏற்றுக்கொண்டது. அந்நிறுவனம் நீதிமன்றத்தில் தண்டம் செலுத்தியது.

இதைக் கண்ட ஜப்பானியர் ‘இது எங்கள் பண்பாடு’ என்று சொல்லி வாளாவிருக்கவில்லை. 2014-இல் கரோஷியைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் செய்தனர். 2018-இல் இயற்றிய மற்றொரு சட்டத்தின் வழியாக, மிகைநேர வேலை பொதுவாக மாதத்திற்கு 45 மணி, ஆண்டிற்கு 360 மணி என்று வரம்பிட்டனர். நோயுற்றவர் தம் நோயை அறிந்து மருந்துண்ணத் தொடங்கியிருக்கையில், அந்த நோயையே உடல்நலம் என்று நமக்கு விற்க வருகிறார்கள்.

ஜெர்மனியின் கதையும் அத்தகையதே. போருக்குப்பின் அந்நாட்டினர் கடுமையாக உழைத்தனர், மறுப்பதற்கில்லை. வாரத்தில் ஆறு நாள், 48 மணி என்பதே அன்று வழக்கம். ஆனால் போர் முடிந்து பதினோராண்டுகளே ஆன நிலையில், 1956 மே நாளில், அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஐந்து நாள் வேலைவாரம் கேட்டு இயக்கம் தொடங்கியது. சனிக்கிழமை அப்பா எனக்கே உரியவர் என்று ஒரு சிறுவன் உரிமை கோருவதுபோல் அதன் சுவரொட்டி அமைந்திருந்தது. ஜெர்மானியத் தொழில்திறன் அந்தச் சிறுவனின் கோரிக்கையால் அழிந்துவிடவில்லை.

அதுமட்டுமன்று. ஞாயிற்றுக்கிழமையை வேலை ஓய்வுக்கும் ஆன்மிக உயர்வுக்குமான நாளாகப் பாதுகாக்கும் விதியை 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பிலிருந்து எடுத்து, 1949-இல் தம் புதிய அடிப்படைச் சட்டத்திலும் அவர்கள் நிலைநிறுத்தினர். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்கப் பெர்லின் மாநிலம் இசைவளித்தபோது, பெர்லின் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் சீர்திருத்தத் திருச்சபையும் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பரில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்துத் தீர்ப்பளித்தது. ஜெர்மானியரைப் பின்பற்றுங்கள் என்று நமக்கு அறிவுரை கூறுவோர், இந்த ஜெர்மனியையும் சேர்த்தே பின்பற்றச் சொல்லத் துணிவார்களா?

அச்சத்திற்கு இட்ட பெயர்

பணியிட மதிப்பீடுகளை நாடுவாரியாக அளந்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஹாலந்து நாட்டு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட். ஐ.பி.எம். நிறுவனம் பல நாடுகளிலுள்ள தன் ஊழியரிடம் 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் திரட்டிய விடைகளை ஆராய்ந்து அவர் 1980-இல் நூல் வெளியிட்டார். மேலோர் கீழோர் என்ற இடைவெளியை இந்தியர் பெரிதும் ஏற்றுக்கொள்கின்றனர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. நம் மேலாண்மை வகுப்புகளில் இம்முடிவு மந்திரம்போல் ஓதப்படுகின்றது. ஆனால் அந்த அளவைக்கு அடிப்படையான வினாக்களுள் ஒன்று என்ன தெரியுமா? மேலாளரின் கருத்துக்கு மாறுபடப் பணியாளர் எத்துணை அடிக்கடி அஞ்சுகின்றனர் என்பதுதான். அறிஞரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், அஞ்சுகிறோம் என்று ஒருவன் சொன்ன விடையைப் பணிவு அவனுடைய பண்பாடு என்று மாற்றிப் படிப்பது எவ்வாறு நேர்மையாகும்? வேலை போய்விடும் என்ற அச்சம், வீட்டுக்கடன் தவணை, ஊரிலிருக்கும் தங்கையின் திருமணம் ஆகியவைதாம் ஒருவனை வாய்மூடச் செய்கின்றன. அவன் வாய்மூடியதைப் பார்த்துவிட்டு, ‘கீழைநாட்டாருக்கு அதிகாரத்தின்மேல் எத்துணை மரியாதை!’ என்கிறோம்.

சங்கம் கூடாது என்பது கொரிய நிறுவனங்களின் பண்பாடு என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். சுங்குவார்சத்திரத்திலுள்ள சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர், தங்கள் சங்கத்திற்கு ஏற்புக் கேட்டு 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை வேலைநிறுத்தம் செய்தபோதும் அவ்வாறு பேசினர். ஆனால் அதே ஆண்டு சூலையில், கொரியாவிலேயே அந்த நிறுவனத்தின் ஊழியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. சங்கமற்ற நிர்வாகம் என்ற பழைய கொள்கை இனித் தொடராது என்று அந்நிறுவனத்தின் தலைமை 2020 மே மாதமே தன் நாட்டு மக்கள்முன் அறிவித்துவிட்டது. கொரியத் தொழிலாளியும் காஞ்சிபுரம் மாவட்டத் தொழிலாளியும் வெவ்வேறு மொழியில் ஒன்றையே கேட்டனர். சுங்குவார்சத்திரத் தொழிலாளரின் சங்கத்திற்கு 2025 சனவரியில் பதிவும் கிடைத்தது.

நம் ஊர்த் துணிக்கடைகளையும் எண்ணிப் பாருங்கள். முதலாளியின் முன்னும் வாடிக்கையாளரின் முன்னும் உட்காருவது மரியாதையன்று என்ற வழக்கத்தினால், விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பணியாற்றினர். கால் வீங்கினாலும், மாதவிலக்கு நாளாயினும், கருவுற்றிருந்தாலும் நின்றேயாக வேண்டும். இதையும் மரியாதை என்ற பெயரால் நம் பண்பாட்டில் சேர்த்திருந்தோம். 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழகமும் கடைப் பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்தன. இருக்கை வந்ததால் மரியாதை குலைந்துவிடவில்லை.

இரட்டைத் தராசு

உண்மையான பண்பாட்டு வேறுபாடுகள் இல்லையென்று யாரும் கருத வேண்டா. கூட்டத்தில் ஒருவரை நேருக்கு நேர் மறுத்துப் பேசுவது ஜெர்மானியருக்கு நேர்மை. ஜப்பானியருக்கு அது முகத்தில் அறைவது போன்றது. பெரியப்பா இறந்தால் அடக்கத்திற்கும், அதன்பின் சடங்குகளுக்கும் ஊருக்குச் சென்றேயாக வேண்டும் என்பது நமக்குக் கடமை. பெற்றோர், துணைவர், பிள்ளைகள் மட்டுமே குடும்பம் என்று கணக்கிடும் வெளிநாட்டு விதிமுறைக்கு அது புரிவதில்லை. பங்குத் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்புவது நமக்கு வேர்களுக்கு நீர் வார்ப்பது. இவை போற்றத்தக்க வேறுபாடுகள்.

ஆனால் நடப்பதென்ன? பணிவு தேவைப்படும்போது நிர்வாகம் நம் பண்பாட்டைப் புகழ்கின்றது. ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம், குடும்பத்திற்குள் சங்கம் எதற்கு?’ என்கின்றது. அந்தக் குடும்பத்து உறுப்பினர் பெரியப்பாவின் சாவுக்கு நான்கு நாள் விடுப்புக் கேட்டால், உடனே உலகத் தரம் பேசுகின்றது. ஊதியத்தில் மட்டும் உலகத் தரம் மீண்டும் மறைந்து, உள்ளூர் நிலவரம் வந்துவிடுகின்றது. எப்பண்பாட்டை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை தராசைப் பிடித்திருப்பவரிடமே இருக்கின்றது. நாம் எதிர்ப்பது பண்பாட்டையன்று. இந்த இரட்டைத் தராசையே.

12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும், வெளிநாட்டு முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பே காரணமாகக் கூறப்பட்டது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்நாட்களில் நம் அன்பியக் கூட்டங்களில் எத்தனை இடங்களில் இது பேசப்பட்டது என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கட்டும்.

பார்வோனின் குற்றச்சாட்டு

தொழிலாளரைச் சோம்பேறிகள் என்று கூறும் குரல் நமக்குப் புதிதன்று. விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். தங்கள் கடவுளுக்குப் பலி செலுத்த மூன்று நாள் விடுப்புக் கேட்டனர் அடிமைகள். பார்வோன் அதற்குத் தந்த விளக்கம், அவர்கள் சோம்பேறிகள், ஆதலால்தான் வழிபாட்டைக் காரணம் காட்டுகின்றனர் என்பதே. பிறகு செங்கலுக்குரிய வைக்கோலை நிறுத்தினான்; செங்கல் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. பணியாளரைக் குறைத்துவிட்டு இலக்கை மட்டும் உயர்த்தும் கலை எவ்வளவு பழையது, பாருங்கள்!

அந்த அடிமைகளை விடுவித்த கடவுள் அவர்களுக்குத் தந்த கட்டளைகளுள் ஒன்று ஓய்வுநாள். இணைச்சட்ட நூல் அதற்குக் கூறும் காரணத்தை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வீட்டுத் தலைவரைப் போலவே வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். ஏனெனில் நீங்களும் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள் என்பதே அக்காரணம். அன்னியருக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அந்த ஓய்வு உரியது. உன் இனத்தானுக்கு மட்டும் ஓய்வு, வேற்றினத்தானுக்கு 60 மணி என்று சீனாய் மலையில் எழுதப்படவில்லை.

நம் முன்னோர் சிங்கராயர் என்று தமிழில் அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில், தொழிலாளியே இசைந்துவிட்டான் என்பதனால் அவனது மாண்பைக் குலைக்கும் ஏற்பாடு நீதியாகிவிடாது என்று கற்பித்தார். ‘அவர்கள் பண்பாட்டில் இதை ஏற்றுக்கொள்கிறார்கள்’ என்ற வாதத்திற்கு அன்றே கிடைத்துவிட்ட விடை இது. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், வேலைக்காக மனிதரல்லர், மனிதருக்காகவே வேலை என்பதை விளக்கி, மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று தெளிவுபடுத்தினார். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய தொழிற்புரட்சியில் மனித மாண்பையும் உழைப்பையும் காக்க வேண்டியிருப்பதால், அந்தப் பழைய லியோவின் பெயரையே தேர்ந்ததாக அறிவித்தார். நம் கையில் இவ்வளவு செல்வம் இருக்க, பயிற்சி அரங்கின் பட்டியலை நம்பி நாம் ஏன் கையேந்த வேண்டும்?

நம் வீட்டுப் படியில்

இதுவரை பிறரைக் கேட்டோம். இனி நம்மைக் கேட்போம்.

கத்தோலிக்க நிறுவனங்களுக்கும் தனியானதொரு பணிப் பண்பாடு உண்டு. ‘சேவை’ என்பது அதன் பெயர். சேவை தூய சொல்தான். ஆனால் அரசு உதவி பெறாத பள்ளியொன்றின் ஆசிரியை, தாம் பெறும் ஊதியத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை என்று முறையிடும்போது, ‘இது வேலையன்று, அழைத்தல்’ என்று விடை தரப்படுமானால், அங்கே சேவை என்பதும் ஒரு போர்வையே. தம்மையே கையளித்த துறவியர் மனமுவந்து ஏற்ற வறுமையை, மூன்று பிள்ளைகளின் தாய்மீது சுமத்த எவருக்கும் உரிமையில்லை. அறுவடை செய்தோரின் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகின்றது என்று திருத்தூதர் யாக்கோபு எச்சரித்தது நம்மைச் சேர்ந்தோரையும் நோக்கியே.

இனி நம் இல்லங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குத் தனித் தம்ளர், தரையில் இருக்கை, வார விடுப்பு இல்லை, எழுதிய ஒப்பந்தம் இல்லை என்பது நம்முள் பலரது வீட்டு நடைமுறை. ‘எங்கள் வீட்டுப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறோம். நிறுவன முதலாளி சொல்லும் அதே குடும்பக் கதை! வீட்டுப் பணியாளருக்கு வார ஓய்வு உட்பட அடிப்படை உரிமைகளை வழங்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதற்கு ஏற்பளிக்கவில்லை. அரசு ஏற்கட்டும், ஏற்காதிருக்கட்டும். நாம் ஏற்பதை யார் தடுத்தார்? ஞாயிறன்று நாம் திருப்பலிக்குச் செல்லும் நேரத்தில், நம் மதிய விருந்துக்காக ஒரு பெண் அடுப்படியில் நிற்பாளாயின், நாம் கடைப்பிடித்தது யாருடைய ஓய்வுநாள்?

மறுப்போருக்கு ஒரு சொல்

இவ்வாறு பேசினால் சோம்பலுக்குக் கொடிபிடிப்பதாக நம்மைச் சிலர் சாடலாம். அது தவறு. உழைக்க மறுப்பவரைத் திருத்தூதர் பவுலே கண்டித்திருக்கிறார். பத்து மணிக்குத் திறக்க வேண்டிய அலுவலகத்திற்குப் பதினொரு மணிக்கு வந்து, முதியோர் உதவித்தொகைக்காக வரிசையில் நிற்கும் மூதாட்டியை நாளை வா என்று விரட்டும் அலுவலரும், வகுப்புக்கு வராத ஆசிரியரும் நம் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அவர்களுடைய சோம்பலின் சுமை யார் தோளில் விழுகின்றது? எளியவர் தோளில்தான். ‘நம் நாட்டில் இப்படித்தான்’ என்று அதையும் பண்பாடாக்கி மன்னிப்பதற்கில்லை.

உரிமை கேட்டால் முதலீடு வேறு நாட்டுக்குப் போய்விடும் என்பது மற்றொரு வாதம். குழந்தைத் தொழிலை ஒழிக்கப் புறப்பட்டபோதும் எட்டுமணி நேரம் கேட்டபோதும் இதே வாதம் எழுந்தது. ஞாயிறன்று கடையடைக்கும் ஜெர்மனி இன்றும் உலகின் பெருந்தொழில் நாடுகளுள் ஒன்றாகவே திகழ்கின்றது.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். பல பங்குகளில் அன்று கருவிகளும் வாகனங்களும் மந்திரிக்கப்படுகின்றன. நன்று. அத்துடன், பங்கிலுள்ள முதலாளிகளும் மேலாளர்களும் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் ஒரே அவையில் அமர்ந்து சிலவற்றை வாய்விட்டுக் கேட்கட்டும். நம் பள்ளியில், நம் கடையில், நம் வீட்டில் உழைப்போருக்கு வாழப் போதுமான ஊதியம் உண்டா? வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு உண்டா? அச்சமின்றி மறுத்துப் பேச இடம் உண்டா? அமர ஒரு நாற்காலி உண்டா? இல்லையென்ற விடை வருமிடங்களில், அடுத்த மே நாளுக்குள் அதை மாற்றுவதாகப் பங்குப்பேரவை முடிவெழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அதை ஒட்டும் பணியாளருக்கும் அந்த ஞாயிறு விடுப்பு உண்டா என்று கேட்டுவிட்டே ஒட்டட்டும்.